மூன்றாவது ஆள்: கலியாண ஓலை முதல் டேட்டிங் ஆப் வரை

நானாட்டான் சந்தியில் நின்று டிண்டரைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கோ. எவ்வளவு தூரத்துக்குள் ஆள் தேடவேண்டும் என்று அது கேட்கும். அந்தக் கோட்டை விரலால் இழுத்துக் கடைசி அளவுக்கு, 100 மைலுக்கு, அதாவது ஏறக்குறைய 160 கிலோமீற்றருக்கு விடுங்கோ. இப்போது உங்களைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்திருக்கும். அதற்குள் யார் வருகினம்?

நேர்கோட்டில் அளந்தால் யாழ்ப்பாணம் ஏறக்குறைய 90 கிலோமீற்றர். அனுராதபுரம் 80க்குக் கிட்ட. கடலுக்கு அந்தப் பக்கம் இராமேஸ்வரமும் அந்தளவுதான். கொழும்பு 200ஐத் தாண்டும், ஆகவே வட்டத்துக்கு வெளியே. பஸ் எடுத்தால் போகக்கூடிய கொழும்பு இல்லை, பாஸ்போட்டும் விசாவும் இல்லாமல் போகமுடியாத இராமேஸ்வரம் இருக்கு.

ஆப்புக்குக் கடல் தெரியாது, எல்லை தெரியாது. இன்னொன்றும் தெரியாது: முறை. சித்தப்பாவின்ர மகளையும் மாமாவின்ர மகளையும் அது ஒரே மாதிரித்தான் காட்டும். ஒருத்தி தங்கச்சி, மற்றவள் மச்சாள் என்பதை எங்கட ஊரில் பத்து வயதுப் பிள்ளையும் சொல்லும். ஆப்புக்கு இரண்டு பேரும் "3 கிலோமீற்றர் தூரத்தில்" இருக்கிற இரண்டு முகங்கள்.

இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. இந்தக் கரையில் இரண்டு பேர் சேர்வதற்கு எப்போதுமே மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். கோயில், தரகர், மாமி, தபால்காரர், போன் கடைக்காரர் என்று வேடம் மாறியதே தவிர, ஆள் மாறாமல் இருந்தார். டேட்டிங் ஆப் தரும் பெரிய வாக்குறுதி அந்த மூன்றாவது ஆளை எடுத்துவிட்டேன் என்பதுதான். அது உண்மையா? உண்மையென்றால் எங்களுக்குக் கிடைத்தது என்ன, போனது என்ன? அதைப் பார்க்கக் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

ஓலை

நானாட்டான், வங்காலை, முருங்கன், அரிப்பு என்று இந்தப் பக்கத்தில் கத்தோலிக்க ஊர்கள் நிறைய. ஞாயிறு பூசையில் கலியாண ஓலை வாசிக்கிறதைப் பலர் கேட்டிருப்பீர்கள். இன்னாரின்ர மகன் இன்னார், இன்னாரின்ர மகள் இன்னாரை முடிக்கப்போறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்று சனத்துக்கு முன்னால் சொல்வது. சின்ன வயதில் அது பூசை நீளுகிற நேரம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கு.

ஐரோப்பாவில் அந்தக் காலம் ஒரு ஆணும் பெண்ணும் தனியே சம்மதம் சொல்லிக்கொண்டாலே அது கலியாணம் என்று திருச்சபை ஏற்றுக்கொண்டிருந்தது. சாட்சி தேவையில்லை. இதில் வந்த சிக்கல் எங்களுக்கும் விளங்கும். ஒருத்தியிடம் இரகசியமாகச் சத்தியம் பண்ணிப்போட்டு, பிறகு "நான் அப்பிடிச் சொல்லவே இல்லை" என்று இன்னொருத்தியை ஊரறிய முடிப்பான். முதல் பெண்ணுக்குச் சாட்சி இல்லை. 1563 இல் திரெந்து பொதுச்சங்கம் இதற்கு முடிவு கட்டியது. பங்குக் குருவும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் இல்லாத கலியாணம் செல்லாது, அதற்கு முதல் மூன்று தடவை கோயிலில் அறிவிக்கவேண்டும் என்றது. போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தது 1560 இல். ஆக அந்த விதி புதிதாக இருந்த காலத்திலேயே எங்கட கரை அந்தத் திருச்சபைக்குள் இருந்தது.

இதே காரணத்தைத் தமிழில் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியே தொல்காப்பியம் சொல்லிவிட்டது. பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகுதான் பெரியவர்கள் கலியாணச் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்பது அதன் கருத்து. ஒன்றையொன்று அறியாத இரண்டு உலகங்கள் ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன. காதலுக்கு இரண்டு பேர் காணும். ஏமாற்று நடந்தால் மூன்றாவது ஆள் தேவை.

பிறகு 1658 இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தார்கள், பள்ளிக்கூடத் தோம்புகளில் கலியாணங்களைப் பதிந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் பதிவாளர் வந்தார். இன்றும் நடைமுறையில் இருக்கும் பொது விவாகப் பதிவுச் சட்டம் 1907 ஆம் ஆண்டினது. அதிலும் முன்கூட்டிய அறிவித்தல் இருக்கு, சாட்சிகள் இருக்கினம். மதம் மாறினாலும் அரசு மாறினாலும் மூன்றாவது ஆள் போகவில்லை.

சாட்சியே காவலாகும்போது

இதைப் படித்துவிட்டு "அந்தக் காலம் நல்ல காலம்" என்று நினைக்கவேண்டாம். சாட்சியாக நின்றவர்தான் காவலுக்கும் நின்றார்.

சம்பந்தம் பேச வருகிற தரகரிடம் கொப்பி ஒன்று இருக்கும். அதில் பெயர், படிப்பு, உத்தியோகம், சீதனம், குறிப்பு எல்லாம் இருக்கும். எழுதாமலே தெரிந்த ஒன்றும் இருக்கும்: "எந்த ஊர்? எந்த ஆக்கள்?" அந்த இரண்டாவது கேள்வியின் அர்த்தம் சாதி என்பதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெண்ணின் விருப்பம் அந்தக் கொப்பியில் கடைசி வரி, சில வேளை அந்த வரியே இல்லை.

சட்டத்திலேயே இதைக் காணலாம். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி விவாகப் பதிவில் மணமகள் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. அவளுக்காக அவளுடைய வலி, அதாவது தந்தை அல்லது ஆண் பாதுகாவலர், கையெழுத்திடுகிறார். இதை மாற்றவேண்டும் என்று முஸ்லிம் பெண்களே பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மற்றச் சமூகங்களில் பெண் கையெழுத்து வைக்கிறாள். ஆனால் பேனையைப் பிடிக்கும் கை அவளுடையது, முடிவு யாருடையது என்று கேட்டால் எத்தனை வீட்டில் நேரான பதில் வரும்?

அதனால்தான் களவாக ஒரு வழி எப்போதும் தேடப்பட்டது. ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்க் காட்டுக்குள் தங்கும் நாட்கள் பக்திக்கு மட்டுமே பயன்பட்டன என்று எங்கட அம்மம்மாக்களும் சொல்லமாட்டினம். இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டு எழுதும்போது யாருடைய பெயரோடு யாருடைய பெயரைச் சேர்த்து அனுப்புவது என்பதும் ஒரு கலை. ஊர் முழுக்கக் கேட்கும், ஆனால் இரண்டு பேருக்குத்தான் விளங்கும்.

1965

1914 இலிருந்து தலைமன்னாரில் ரெயிலால் இறங்கி, கப்பலேறி, தனுஷ்கோடியில் திரும்ப ரெயில் ஏறலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி 1984 வரை ஓடியது. இப்போது ஆப் போடுகிற அந்த வட்டம் ஒரு காலம் டிக்கெட் எடுத்துப் போகக்கூடிய வட்டமாக இருந்தது.

புயலுக்கு அடுத்த வருடம், 1965 இல், அமெரிக்காவில் ஹார்வர்ட் மாணவர்கள் சிலர் "ஒப்பரேஷன் மட்ச்" என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 3 டொலர் கட்டி, கேள்விக்கொத்தை நிரப்பி அனுப்பினால், ஐபிஎம் கணினி ஒன்று பொருத்தமான ஆட்களின் பட்டியலைத் தரும். மாமிக்கும் தரகருக்கும் பதிலாக இயந்திரம் ஒன்று அந்தக் கதிரையில் இருந்ததன் ஆரம்பங்களில் இது ஒன்று. அவர்கள் அதை விடுதலையாகப் பார்த்தார்கள். குறிப்புப் பார்க்கிற எங்களுக்கு, அட்டவணையில் இரண்டு பேரை வைத்துப் பொருத்தம் பார்ப்பது ஒன்றும் புதிதில்லை.

படத்தைப் பார்த்துச் சம்மதம்

யுத்தம் எல்லாவற்றையும் வெட்டியது. 1984 இல் கப்பல் நின்றது. 1990 இல் ரெயில் நின்றது. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னாரிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கையில் கிடைத்ததோடு போனார்கள். இன்னும் பலர் வள்ளமேறி அந்தக் கரைக்குப் போய் மண்டபம் முகாமில் பதிந்தார்கள். எத்தனை சிநேகம், எத்தனை சொல்லாத காதல் அந்தப் பயணங்களில் அறுந்தது என்பதற்குக் கணக்கு இல்லை. சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாகக் கடிதம் போகும். குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம், மூடாத கடிதம். அதற்குள் காதலை எப்படி எழுதுவது?

அந்த நேரம் இன்னொரு பாதை திறந்தது: வெளிநாட்டு மாப்பிள்ளை. கனடாவில், பிரான்ஸில், சுவிசில் இருக்கிற பெடியனின் படம் தபாலில் வரும். இங்கேயிருந்து ஸ்ரூடியோவில் சேலை கட்டி எடுத்த படம் போகும். கொமினிக்கேசன் கடையில் காத்திருந்து, கடைக்காரரும் மற்றச் சனமும் கேட்க, ஐந்து நிமிடம் கதைத்து ஒரு வாழ்க்கை முடிவாகும். பிறகு சென்னையிலோ சிங்கப்பூரிலோ கலியாணம்.

படத்தைப் பார்த்து ஆளைத் தெரிவது டிண்டர் கொண்டுவந்தது என்று சொல்பவர்கள் அந்த அல்பங்களைப் பார்க்கவில்லை. எங்கட வீடுகளில் படங்கள் எப்போதோ வலப்பக்கமும் இடப்பக்கமும் நகர்ந்துவிட்டன. வித்தியாசம் ஒன்றுதான். நகர்த்திய விரல் பெரும்பாலும் பெண்ணுடையது இல்லை.

அதைவிடக் கொடியதும் நடந்தது. யுத்தத்தின் கடைசி வருடங்களில் வன்னியில் கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து தப்பவைக்கப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் முடித்துவைத்தார்கள். அங்கே கலியாணம் ஒரு பதுங்குகுழி.

விரல் நுனி

2009 க்குப் பிறகு போன் எல்லாக் கைக்கும் வந்தது. முதலில் மிஸ்ட் கோல். ஒரு ரிங் என்றால் "நான் நினைக்கிறேன்", இரண்டு ரிங் என்றால் "எடு". பிறகு பேஸ்புக், வைபர், வட்ஸ்அப். 2015 மார்ச்சில் ரெயில் திரும்பத் தலைமன்னார் வரை ஓடியபோது, பெட்டியில் இருந்த இளசுகள் ஜன்னலால் பார்த்ததைவிடத் திரையைப் பார்த்தது கூட என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் ஆப்புகள் வளர்ந்தன. ஆண்களைத் தேடும் ஆண்களுக்கான கிரைண்டர் 2009 இல் வந்தது, டிண்டர் 2012 இல். டிண்டரின் சூட்சுமம் சின்னது. இரண்டு பேரும் விருப்பம் சொன்னால்தான் இரண்டு பேருக்கும் தெரியும். நீங்கள் விரும்பி மற்றவர் விரும்பவில்லை என்றால் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும். "கேட்டு மாட்டன் எண்டிட்டாள்" என்று ஊர் சிரிக்காது. மானத்துக்குப் பயந்த ஊர்களுக்கு இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு உண்டா?

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. யுத்தத்தில் கணவனை இழந்த ஒரு பெண் முப்பத்தைந்து வயதில் துணை தேடினால் ஊர் என்ன கதைக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஆப்பில் அவள் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. தன்பால் ஈர்ப்புள்ள ஒருவருக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 365ஏ பிரிவில் ஆண்களைக் குற்றவாளியாக்கியிருந்தது. 1995 இல் திருத்தியபோது அதை நீக்காமல், பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மேயில் உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்காகச் சட்டம் மாறிவிடவில்லை. அப்படியான ஒருவருக்கு மூன்றாவது ஆள் என்றால் சாட்சி இல்லை, ஆபத்து. "உன்னை மாதிரி இன்னொருத்தர் 80 கிலோமீற்றரில இருக்கிறார்" என்று ஒரு திரை காட்டுவது அவருக்கு மூச்சுவிட ஒரு இடம்.

ஆனால் அவர் போகவில்லை

ஆப்பில் உண்மையில் இரண்டே பேர்தானா? யாருடைய முகத்தை முதலில் காட்டுவது, யாரை மறைப்பது என்று முடிவெடுக்கும் ஒருவர் நடுவில் இருக்கிறார். டிண்டர் ஒரு காலம் ஆட்களுக்கு உள்ளே புள்ளி போட்டு வைத்திருந்தது. செஸ் விளையாட்டுக்காரரைத் தரப்படுத்தும் ஈலோ முறை போன்றது. அதில் இப்போது தங்கியில்லை என்று 2019 இல் அதுவே அறிவித்தது. தரகரின் கொப்பியைப் போலவேதான், நீங்கள் எத்தனையாவது பக்கம் என்று உங்களுக்குக் காட்டமாட்டினம்.

தரகருக்குக் கலியாணம் முடிந்தால்தான் காசு. ஆப்புக்கு நீங்கள் தேடிக்கொண்டே இருந்தால்தான் காசு. டிண்டர், ஓகேகியூபிட், ஹிஞ் எல்லாவற்றுக்கும் சொந்தக்காரரான மட்ச் குரூப்புக்கு எதிராக 2019 இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு வழக்குப் போட்டது. மட்ச்.கொம் தளத்தில், மோசடி என்று சந்தேகிக்கப்பட்ட கணக்குகளிலிருந்து வந்த செய்திகளைக் காட்டி, "உங்களை ஒருவர் விரும்புகிறார்" என்று ஆசைகாட்டிச் சந்தா கட்டவைத்தார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டு. 2025 இல் 1 கோடி 40 லட்சம் டொலர் கட்டி அந்த வழக்கு முடிக்கப்பட்டது. பொய் சொல்லிப் பொருத்தம் பேசிய தரகர் நானாட்டான் சந்தியில் ஒருநாள் உங்களிடம் அகப்படுவார். இந்தத் தரகரை எங்கே பிடிப்பது?

சாதியும் போகவில்லை. கலியாண இணையத்தளங்களில் அது வெளிப்படையாகவே ஒரு பெட்டி, தெரிவு செய்யலாம். டேட்டிங் ஆப்பில் பெட்டி இல்லை. ஆனால் நாலாவது மெசேஜில் "ஊர் எது?" வரும், ஆறாவதில் "அங்க எந்தப் பக்கம்?" வரும். அதற்குப் பிறகு சிலர் பதில் போடமாட்டினம். காரணம் சொல்லாமலே காணாமல் போவது. "பொருத்தம் சரிவரேல்லை" என்று சொல்லியனுப்பவாவது முந்தி ஒரு தரகர் இருந்தார்.

ஊர்வாயும் போகவில்லை. அதற்கு இப்போது ஸ்கிரீன்ஷொட் என்று பெயர். ஒரு பெண் ஆப்பில் இருக்கிறாள் என்பதே வட்ஸ்அப் குழுவில் செய்தியாகிவிடும். அவளை அங்கே கண்டவன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்று யாரும் கேட்கமாட்டினம். அதனால்தான் பெண்கள் முகமில்லாத படம் போடுகினம்: பூ, கடற்கரை, பின்பக்கமாய் நிற்கிற ஒரு உருவம். அந்தப் படங்களைப் பார்த்து "பேக் ஐடி" என்று சிரிப்பவர்கள் அந்தப் பயத்தையும் ஒருக்கால் யோசிக்கவேண்டும்.

தோழி

இப்போது இதை நினைத்துப்பாருங்கோ. நானாட்டானில் ஒரு பிள்ளை ஆப்பில் சந்தித்த ஒருவரைப் பார்க்க மன்னாருக்கு பஸ் ஏறுகிறாள். வீட்டில் "வகுப்பு" என்று சொல்லியிருக்கிறாள். சினேகிதிகளிடமும் சொல்லவில்லை, வெட்கம். அவர் நல்லவராக இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால்? படத்தை வைத்து மிரட்டினால்? அவள் எங்கே போனாள், யாரோடு போனாள் என்பது தெரிந்த ஒரு உயிரும் ஊரில் இல்லை. 1563 இல் திரெந்தில் பேசியதும் தொல்காப்பியம் சொன்னதும் இந்த இடத்தைப் பற்றித்தான்.

ஆப்புக்காரருக்கே இது விளங்கியிருக்கு. 2023 இல் டிண்டர் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. நண்பர்களும் குடும்பத்தாரும் உங்களுக்காக ஆள் பார்த்துப் பரிந்துரைக்கலாம். 2024 இல் இன்னொன்று: யாரை, எங்கே, எப்போது சந்திக்கப்போகிறீர்கள் என்பதை நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவைக்கலாம். மாமியையும் சினேகிதியையும் வெளியே அனுப்பிப் பத்து வருடத்தில், அவையளைத் திரும்பக் கூப்பிட்டுக் கதிரை போட்டிருக்கினம்.

எங்களுக்கு அந்த ஆளை ஒரு கொம்பனி அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சங்க இலக்கியத்தின் களவுக் காதலில் தலைவனும் தலைவியும் மட்டும் இருப்பதில்லை, தோழி இருக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தலைவியைக் காட்டிக்கொடுக்கமாட்டாள். தலைவன் கலியாணத்தை இழுத்தடித்தால் நேரே கேட்பாள். அவளும் மூன்றாவது ஆள்தான். ஆனால் தலைவிக்காக நிற்கிறவள், தலைவியைக் காவல் காக்க வீட்டார் வைத்தவள் இல்லை.

எங்கட வரலாறு முழுக்க மூன்றாவது ஆளை மற்றவர்கள்தான் தெரிவு செய்தார்கள்: அப்பா, கோயில், அரசு, இப்போது கொம்பனி. எங்கட தலைமுறைக்கு முதன்முறையாக அவரை நாங்களே தெரிவு செய்யமுடியும். ஓலைக்கும் தரகருக்கும் திரும்பிப் போகவேண்டாம். ஆனால் ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டுப் போவம். பெயர், இடம், திரும்பி வரும் நேரம், மூன்றும் போதும். பிறகு யாராவது படத்தை வைத்து மிரட்டினால், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 இருக்கு. ஆனால் அந்த இலக்கத்தை அழுத்த முதல் பக்கத்தில் இருக்க ஒரு ஆள் வேண்டும்.

உங்களிடம் ஒரு சினேகிதி வந்து "ஒருத்தரைப் பாக்கப் போறன், வீட்ட சொல்லாத" என்று சொன்னால், புத்தி சொல்லத் தொடங்காதேங்கோ, வேறு யாரிடமும் கொண்டுபோகாதேங்கோ. "எத்தனை மணிக்கு வருவாய்?" என்று கேட்டுவிட்டுப் போனைக் கிட்ட வைத்திருங்கோ.